கிணற்றடி மண்

பருப்பு வேகாத காரணத்தால் ஒரு குடும்பம் விஞ்ஞானம் கற்றது என்று சொன்னால் அன்பர்கள் நகைப்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

1964-ஆம் ஆண்டு நாங்கள் கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்குக் குடிவந்தோம். என் தந்தையாருக்கு இங்கே ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் கணக்கர் உத்தியோகம். நகரின் கிழக்குப் பகுதியில், கொல்லையில் கிணறுள்ள ஓர் ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது; சில ஆண்டுகளுக்குப் பின் அதையே விலைக்கு வாங்கிக்கொண்டோம். வந்த முதல் வாரமே என் தாயாருக்கு ஒரு பெருங்குறை ஏற்பட்டது. ஊரில் அரை மணியில் மலர்ந்து குழையும் துவரம்பருப்பு, இங்கே ஒரு மணி நேரம் கொதித்தும் விதை விதையாகவே நின்றது. "கடைக்காரன் பழம்பருப்பை நம் தலையில் கட்டிவிட்டான்" என்றார் தாயார். கடையை மாற்றினோம்; பருப்பு மாறவில்லை. "விறகு ஈரம்" என்றார் பாட்டியார். கரி அடுப்புக்கு மாறினோம். சிட்டிகை மஞ்சளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார்தாம், "இது மேட்டு ஊர் அம்மா, பருப்பை முன்னதாகவே ஊறவைக்க வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்.

அந்த அம்மையார் பௌதிகம் படித்தவரல்லர். ஆயினும் அவர் கூறியது முழு உண்மை. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே நம்மை அழுத்தும் காற்றின் பாரம் குறைவு. அந்தப் பாரம் குறையக் குறைய நீர் சீக்கிரமே கொதித்துவிடும். கும்பகோணத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் இங்கே சுமார் 97 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் உஷ்ணம் ஏறாது. நீர் வற்றுமே தவிரப் பருப்பு வேகாது. மூன்று டிகிரிதானே என்று எண்ணலாம். சமையலில் அந்த மூன்று டிகிரிக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

1967-இல் தந்தையார் ஒரு குக்கர் வாங்கி வந்தார். குக்கர் செய்யும் தொழில் நம் நாட்டில் 1950-களின் இறுதியில் வேரூன்றியது. தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று தொடங்கிய டி.டி.கே. பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் தலைமையகம் இந்தப் பெங்களூரிலேயே அமைந்தது நமக்கெல்லாம் ஒரு பெருமை. குக்கரின் மூடி நீராவியை வெளியே விடாமல் அடக்குகிறது. உள்ளே அழுத்தம் இரு மடங்காகிறது. நீர் கொதித்து ஓடிவிடாமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறுகிறது. பருப்பு பத்து நிமிஷத்தில் குழைந்துவிடுகிறது. முதல் விசிலுக்குப் பாட்டியார் கூடத்துக்கு ஓடிவிட்டார். மூன்றாம் நாள் அவரே அதன் தலையில் வெயிட்டை வைத்தார்.

இந்த யுக்தி புதிதன்று. டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சுக்காரர் 1679-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் முன்னிலையில் இத்தகைய பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியேற்றும் காப்புக் கதவையும் அவரே அமைத்தார். 1682-இல் அந்தச் சங்கத்தார் சிலர், எலும்பையும் குழையச் செய்யும் அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தை உண்டு பாராட்டினர். எலும்பு குழைந்ததை அவர்கள் கண்டார்கள். அவ்வழியே இன்னும் மேலே சென்றால் நீரின் குணமே மாறிவிடும் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

இனி அடுப்பங்கரையிலிருந்து கொல்லைக்கு வருகிறேன்.

1976-ஆம் ஆண்டு மழைக்காலம். நான் கல்லூரியில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை தாயார் கிணற்று நீரில் மண்ணெண்ணெய் நாற்றம் வீசுவதாகக் கூறினார். முதலில் பழி என் தங்கையின்மேல் விழுந்தது. ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றிய கையோடு வாளியைத் தொட்டாள் என்று அவளுக்கு நல்ல வசவு. மறுநாளும் நாற்றம் இருந்தது. வாளியை வெயிலில் வைத்துப் பார்த்தால் நீரின்மேல் வானவில்லைப்போல் ஏழு நிறம் படர்ந்து நின்றது. அப்பொழுதுதான் புரிந்தது. எங்கள் தெருக்கோடியில் ஓர் எரிபொருள் விற்பனை நிலையம் இருந்தது. அதன் பூமிக்கடித் தொட்டி எங்கோ விரிந்து கசிகிறது. தந்தையார் போய்க் கேட்டார். தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். நான்கு மாதம் கழித்து இரவோடிரவாகப் பழைய தொட்டியைத் தோண்டி எடுத்துப் புதிது புதைத்தார்கள். எங்கள் கிணற்றைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் கிணற்றின்மேல் கடப்பைக் கல்லை வைத்து மூடினோம். அதன் பிறகு தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைக்கும் வேலை தங்கைக்கு வந்து சேர்ந்தது.

கல்லை மூடிய அன்று மாலை தந்தையார் திண்ணையில் உட்கார்ந்து என்னைக் கேட்டார்: "ஏண்டா, நீ ரசாயனம் படிக்கிறாயே. அழுக்குத் துணியை வெளுக்கிறோம். அழுக்கு மண்ணை வெளுக்க ஒரு வழியும் இல்லையா?"

இருபது வயதின் மிடுக்கோடு நான் பதில் சொன்னேன்: "எண்ணெய் தண்ணீரில் கரையாது, அப்பா. கரையாததை எப்படிக் கழுவுவது?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. 1989-இல் அவர் காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே, நான் அன்று சொன்ன பதில் பாதி உண்மை என்று அறிந்தேன். அந்தப் பாக்கியைத் தீர்க்கவே இக்கட்டுரை.

எண்ணெய் நீரில் கரையாதது ஏன்? நீரின் ஒவ்வொரு அணுத்திரளுக்கும் ஒரு புறம் நேர் மின்னும் மறு புறம் எதிர் மின்னும் உண்டு. அவை ஒன்றையொன்று கைகோத்துப் பிடித்துக்கொள்கின்றன. கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்துவிட்டால் அயலார் ஒருவருக்கு இலை போட இடம் கிடைப்பதில்லை அல்லவா? அதுபோல மின்தன்மையற்ற எண்ணெய்க்கு நீர் இடம் கொடுப்பதில்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் கொடுக்கும், அவை உறவினர். இந்தப் பிடிப்பை விஞ்ஞானிகள் ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். சாதாரண உஷ்ணத்தில் நீருக்கு அந்த எண் ஏறத்தாழ 80. மெத்தில் சாராயத்துக்கு 33. எத்தில் சாராயத்துக்குச் சுமார் 24.

நீரைச் சூடேற்றினால் கைப்பிடி தளர்கிறது, எண் இறங்குகிறது. ஆனால் 100 டிகிரியில் நீர் ஆவியாகிப் பறந்துவிடுமே! அங்கேதான் பாப்பினின் மூடி துணைசெய்கிறது. அழுத்தி வைத்தால் 200 டிகிரியிலும் 250 டிகிரியிலும் நீர் நீராகவே இருக்கும். 250 டிகிரிக்குக் காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 40 மடங்கு போதும். அந்நிலையில் நீரின் எண் 27-க்கு இறங்கிவிடுகிறது. அதாவது கரைக்கும் குணத்தில் நீர் சாராயத்துக்குச் சமானமாகிவிடுகிறது. நேற்று வரை வாசலில் நிறுத்திய எண்ணெயையும் தாரையும் இன்று உள்ளே அழைத்து உட்காரவைக்கிறது. சோப்பும் வேண்டாம், வேறு திராவகமும் வேண்டாம். சூடும் மூடியுமே போதும்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹாதார்ன் என்பவரும் அவர் குழுவினரும் இதை மண்ணில் சோதித்து 1994-இல் வெளியிட்டனர். முற்காலத்தில் அந்நாடுகளில் தெருவிளக்குக்காக நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்தார்கள். அந்தப் பழைய வாயு நிலையங்களின் மண்ணில் தார் ஊறிக் கிடக்கிறது. புற்றுநோய் விளைக்கக்கூடிய பொருள்கள் அதில் உண்டு. அத்தகைய மண்ணைக் கனத்த எஃகுக் குழலில் அடைத்து, மிகு சூட்டு நீரை அழுத்தத்தோடு ஊடே செலுத்தினால் அந்த நச்சுப் பொருள்கள் கரைந்து வெளியேறின. 2000-ஆம் ஆண்டில் ஒரு தடவைக்கு 8 கிலோ மண் கொள்ளும் பெரிய கருவியில், 275 டிகிரியில், அதே காரியத்தைச் செய்து காட்டினார்கள். இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்றுண்டு. வெளியே வந்த நீர் ஆறியதும் பழைய கைப்பிடி திரும்புகிறது. அழைத்து வந்த தாரை அதுவே உதறித் தள்ளுகிறது. தார் தனியே ஒதுங்க, எஞ்சியதைக் கரித்தூளால் வடிகட்டலாம்.

நம் பெங்களூருக்கும் இக்கலையில் தொடர்புண்டு. 1998 முதல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய கிரிதர் மெட்ராஸ் அவர்கள், அதற்கு முன் டெக்சாஸில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, மண்ணில் ஏறிய கரிம நச்சுக்களை நீக்கும் முறையையே ஆராய்ந்தவர். அங்கே நீருக்குப் பதில், மிகுந்த அழுத்தத்தில் வாயுவுமல்லாமல் திரவமுமல்லாமல் நிற்கும் கரியமிலவாயுவைக் கொண்டு கழுவினார்கள். கழுவிய நஞ்சைக் கரித்தூளில் பிடித்தார்கள். பின்னர் இங்கே அவரும் அவர் மாணவர்களும், அதே போன்ற மிகு அழுத்த நிலையில் சாராயத்தையும் சூரியகாந்தி எண்ணெயையும் சேர்த்து டீசலுக்கு ஒப்பான எரிபொருள் ஆக்கும் முறையை 2004-இல் வெளியிட்டனர். 2009-இல் அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது. டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று நம்மவர் இன்றும் வழங்கும் அந்தச் சோலையின் பக்கமாக நான் எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன்! என் தந்தையாரின் கேள்விக்குப் பக்கத்து உறவான ஒரு கேள்வியோடு வாழ்ந்தவர் அதனுள் இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மண்ணைப் போலவே எரிபொருளையும் சுடுநீரால் தூய்மையாக்கலாமா என்று பலர் முயன்றிருக்கிறார்கள். எரிபொருளில் உள்ள பெரிய குற்றவாளி கந்தகம். எரிந்தால் மூச்சை அடைக்கும் வாயுவாகிறது, மழையைப் புளிக்கச் செய்கிறது. கந்தகத்துக்கும் சுடுநீருக்கும் பழைய சிநேகம். 1894-இல் ஹெர்மன் பிராஷ் என்பவர் லூயிசியானாவில், பூமிக்குள் ஆழத்தில் கிடந்த கந்தகப் பாறைக்கு 100 டிகிரிக்கு மேல் சூடேறிய நீரைக் குழாய்வழி அழுத்தி அனுப்பி, கந்தகத்தை உருக்கி மேலே கொண்டுவந்தார். ஆயினும் தனியே கிடக்கும் கந்தகத்தை உருக்குவது எளிது. எரிபொருளோடு பிணைந்து நிற்பதைப் பிரிப்பது அரிது. நிலக்கரியில் கல்லோடு கலந்த கந்தகத்தை ஓரளவு அலசி எடுக்கலாம். கரியின் உடலோடு ஒன்றிய கந்தகம் அலசலுக்கு அசையாது. அசாம் நிலக்கரியின் தொல்லை பெரும்பாலும் இவ்வகைதான்.

நம் நெய்வேலி நிலக்கரியின் நோய் வேறு. அது பழுப்பு நிலக்கரி. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி நீர். இத்தகைய கரியை மூடிய கலத்தில் அழுத்த நீராவியால் சூடேற்றினால் உள்ளேயுள்ள நீர் ஆவியாகாமல் நீராகவே பிதுங்கி வழியும் என்று ஆஸ்திரியாவின் பிளைஸ்னர் 1920-களில் கண்டார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் இவ்வகையில் ஆராய்ந்தார்கள். வழியும் நீரோடு கொதிகலனைக் கெடுக்கும் சோடிய உப்பும் கரைந்து போய்விடுவது ஒரு லாபம். ஆனால் அந்த நீர் தேநீர் நிறத்தில் கரிமப் பொருள்களைச் சுமந்து வந்தது. அதை எங்கே விடுவது என்பது புதிய தொல்லையாயிற்று.

டீசலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் பெட்ரோலிலும் டீசலிலும் பத்து லட்சம் பங்குக்குக் கந்தகம் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது. அதைச் சாதிப்பது நீர் அன்று; ஹைட்ரஜன் வாயு. மிகு அழுத்த நீரால் கனத்த கச்சா எண்ணெயைத் திருத்துவதை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆலைகளில் ஆட்சி இன்னும் ஹைட்ரஜனுடையதே.

மூடியை இன்னும் இறுக்கி, சூட்டை இன்னும் ஏற்றினால் என்ன ஆகும்? 1822-இல் காஞார் தெ லா தூர் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு துப்பாக்கிக் குழலில் திரவத்தையும் ஒரு கல் உருண்டையையும் இட்டு மூடி, சூடேற்றி உருட்டிப் பார்த்தார். உருண்டை திரவத்தைத் தாக்கும் சளசளப்பு ஓர் உஷ்ணத்துக்கு மேல் நின்றுவிட்டது. திரவம், ஆவி என்ற வேற்றுமையே உள்ளே இல்லை. நீருக்கு அந்த எல்லை 374 டிகிரி. அழுத்தம் காற்றினுடையதைப்போல் 218 மடங்கு. அந்த எல்லை கடந்த நீரில் எண்ணெயும் பிராணவாயுவும் தாராளமாகக் கலக்கின்றன. நஞ்சு நீருக்குள்ளேயே தீயின்றி எரிந்து கரியமிலவாயுவும் நீருமாகிவிடுகிறது. தீயணைக்கும் நுரையில் சேர்த்த அழியா ரசாயனங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இம்முறையில் அழிந்ததாக அண்மையில் அமெரிக்கச் சோதனைகள் காட்டின. ஆனால் அந்நீர் எஃகையும் அரிக்கும். நீரைக் கண்ணாடிக் குழலில் சோதித்தபோது கண்ணாடியே கெட்டது என்று காஞார் அன்றே குறித்தார்.

இவ்வளவையும் படித்த பிறகு ஒருநாள் நான் பென்சிலை எடுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்குக் கணக்குப் போட்டேன். 30 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி ஆழம் என்று கொண்டால் மண் சுமார் 540 டன். ஒரு தடவைக்கு 8 கிலோ வீதம் கழுவினால் 67,500 தடவை. தடவைக்கு ஒரு மணி நேரம் என்று இரவு பகலாக உழைத்தால் ஏழரை ஆண்டுக்கு மேல்! பெரிய கருவி செய்யலாம். செய்தால் அத்தனை அழுத்தத்தைத் தாங்கும் கனத்த எஃகுக்குப் பணம் வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்: விறகுச் செலவு நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. ஒரு லிட்டர் நீரைத் திறந்த பாத்திரத்தில் முழுதும் வற்றக் காய்ச்சும் சூட்டில் பாதிகூட, அதை மூடிய கலத்தில் 250 டிகிரிக்கு ஏற்ற வேண்டாம். அந்தச் சூட்டிலும் பெரும்பகுதியை அடுத்து வரும் நீருக்குக் கைமாற்றிக்கொள்ளலாம். ஆயினும் 275 டிகிரியில் வெந்த மண்ணில் மண்புழு ஏது, நுண்ணுயிர் ஏது? வெளுத்த மண் கிடைக்கும். விளையும் மண் கிடைக்க வெகு நாளாகும்.

இதற்கு ஒரு பெரிய படிப்பினை 1989-இல் உலகுக்குக் கிடைத்தது. அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதிக் கடற்கரையெல்லாம் எண்ணெய் படிந்தது. சுமார் 60 டிகிரிச் சுடுநீரை அழுத்தத்தோடு பீச்சிப் பாறைகளை அலம்பினார்கள். பாறை பளிச்சிட்டது, எண்ணெயில் பிழைத்திருந்த சிப்பியும் பாசியும் சுடுநீரில் மாண்டன. அலம்பாமல் விட்ட சில கரைகளில் உயிர் விரைவாகத் திரும்பியதைப் பின்னர் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. சுடுநீர் கரைப்பது எண்ணெய் இனத்தை. உலோக நஞ்சை அது இவ்வாறு அழைத்து வராது. நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கம் மூடிய பிறகும், தங்கம் பிரித்த சயனைடு மண் குன்று குன்றாக நிற்கிறது. காற்றடித்தால் அது வீட்டுக்குள் வருகிறது. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எந்தக் குக்கரும் மருந்தாகாது.

இப்போது என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பிறரைக் குறைகூறியதாகவே முடியும்.

உத்தியோகம் கிடைத்தபின் 1980-இல் நான் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதன் பழைய எண்ணெயை நானே இறக்குவேன். ஏறத்தாழ 2 லிட்டர், கன்னங்கரேலென்று இருக்கும். அதை வேலிக்கால் அடியில் ஊற்றிவிடுவேன். கரையான் வராது என்று எல்லோரும் சொன்னார்கள், எல்லோரும் செய்தார்கள். ஒரு தடவை தந்தையார் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த எண்ணெய் எங்கேடா போகும்?" என்று கேட்டார். "மண் குடித்துவிடும், அப்பா" என்றேன். அவர் மூடிய கிணற்றை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒன்பது ஆண்டில் 72 லிட்டர். தெருக்கோடியிலிருந்தவர்களை நான் ஆயுள் முழுதும் ஏசினேன். அவர்களுக்குத் தெரியாமல் கசிந்தது. நான் தெரிந்தே ஊற்றினேன்.

2024 கோடையில் இந்நகரில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றியது அன்பர்கள் அறிந்ததே. எங்கள் வீட்டிலும் குழாய் வற்றியது. என் பேத்தி, "தாத்தா, அந்தக் கல்லைத் தூக்கிப் பார்த்தால் என்ன?" என்றாள். 48 ஆண்டுக்குப் பின் கல்லைத் தூக்கினோம். நீர் இருந்தது. நாற்றம் இல்லை. சோதனைக்கு அனுப்பினோம், எண்ணெய் இல்லை என்று வந்தது. மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த மெல்லிய எண்ணெயைச் சிறிது சிறிதாக உண்டு தீர்த்திருக்க வேண்டும். சாக்கடைக் கசிவால் ஏறும் நைட்ரேட் மட்டும் குடிநீருக்குரிய வரம்பை மீறியிருந்தது. ஆகையால் குடிக்கவில்லை, செடிக்கும் துணிக்கும் இறைக்கிறோம். நெருப்பின்றி, எஃகின்றி, காசின்றி மண் தன்னைத் தானே வெளுத்துக்கொண்டது. கூலி கேட்கவில்லை, காலம் கேட்டது.

மழைநீரை அக்கிணற்றில் சேர்க்க வேலியோரம் ஒரு குழி எடுக்க எண்ணி, கிணறு தோண்டுவதில் பரம்பரைத் தேர்ச்சியுள்ள மண்ணு வட்டர் ஒருவரை அழைத்து வந்தோம். நாலடி ஆழத்தில் அவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தார். கரிய கட்டி, விரலில் பிசுபிசுத்தது. "சுவாமி, இங்கே முன்னே மோட்டார் கொட்டகை இருந்ததா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மெல்லிய மண்ணெண்ணெயை மண் தின்றுவிட்டது. நான் வார்த்த கனத்த எண்ணெய் முப்பத்தைந்து ஆண்டாக அங்கேயே இருந்தது. எங்கே போகும் என்று தந்தையார் கேட்டாரே, அது எங்கும் போகவில்லை.

குழியை வேறிடத்துக்கு மாற்றினோம். கரிய மண்ணை ஒரு பீப்பாயில் அடைத்து மூடி நிழலில் வைத்திருக்கிறேன். அதை முறைப்படி ஏற்கும் இடத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நான் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியின் பழைய எண்ணெயை ஒரு டப்பாவில் பிடித்து, அதைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படையுங்கள். சாக்கடையிலும் வேலியிலும் ஊற்றாதீர்கள். பொரித்த எண்ணெயையும் அவ்வாறே.

மண்ணை வெளுக்க வழி உண்டு, அப்பா. இரண்டு மடங்கு அழுத்தத்தில் அம்மா பருப்பு வேகவைத்தார். நாற்பது மடங்குக்கு மேல் அழுத்தினால் மண்ணையும் வெளுக்கலாம். ஆனால் கழுவிய நீர் அழுக்கைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நிற்கும். அதற்கும் ஓர் இடம் நாமே தேட வேண்டும். அன்று திண்ணையில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.